கொட்டிவிட்ட தண்ணீர்

அவளுக்குச் சோப்பு என்று பெயர் வைத்தது அண்ணிதான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, நாத்தனார் ஒரு டம்ளரை மூன்று தடவை கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மனசு கேட்காமல் நாலாவது தடவையும் கழுவுவதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "அந்த டம்ளர் அப்படி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சோப்பு. முதலில் அண்ணன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தான், பிறகு அக்கம்பக்கம், கடைசியில் வேலை செய்யும் இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அழுக்கு என்று கூப்பிட்டிருந்தால்தான் சண்டைக்குப் போயிருப்பாள்.

சோப்புக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் செல் வளர்க்கிற வேலை. நோயாளியின் கட்டியிலிருந்து வந்த செல்களை உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகளில் போட்டு, இளஞ்சிவப்பான ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூடு உள்ள பெட்டிக்குள் வைத்து வளர்க்க வேண்டும். நன்றாக வளர்ந்த பிறகு மேலே மருந்தை விட்டுப் பார்க்க வேண்டும். எந்த மருந்துக்கு அது அடங்குகிறதோ அதை அந்த நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் மருந்து விடுகிற வரைக்குமாவது செல் உயிரோடு இருந்து தொலைக்க வேண்டுமே. தானாகவே செத்துப்போனால் மருந்து கொன்றதா, போன இடம் பிடிக்காமல் போய்ச் சேர்ந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணிக்கு ரயில் நிலையத்தில் உத்தியோகம். தொலைந்த பொருள்களை வைத்திருந்து கொடுக்கிற அலுவலகம். ஜனங்கள் ரயிலில் மறந்துவிட்டுப் போகிற குடை, ஒற்றைச் செருப்பு, பல்செட், வயலின் எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். உரியவர் வந்து கேட்டால் லேசில் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். கைப்பிடி என்ன நிறம், உள்ளே கிழிசல் உண்டா, எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று குடைவாள். கடைசியில் "எப்படிங்க மறந்தீங்க?" என்று ஒன்று கேட்பாள். அந்தக் கேள்வி விதிமுறையில் இல்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்குச் சினைப்பையில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். போனது திரும்பி வந்தது. வேறு மருந்து ஏற்றினார்கள், அதற்கும் கொஞ்ச நாள் பயந்தது போல நடித்துவிட்டு மறுபடி தலைதூக்கியது. இப்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. சில வாரங்களுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி வழியாக வடித்துவிட்டுப் போக வேண்டும். வடித்த அன்று நன்றாக மூச்சு விடுவாள், சாப்பிடுவாள், எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். பிறகு மெல்ல மெல்ல வயிறு ஏறும், பேச்சு குறையும். அவள் பேச்சு குறைந்தால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அவளுக்கு வைத்தியம் பார்த்த பெண் டாக்டர்தான் சோப்பு வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கும் தலைவர். ஒரு நாள் நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு மருந்து பாக்கி இருக்கு" என்றார்.

"பாக்கி இருந்தா குடுத்துட வேண்டியதுதானே டாக்டர். எதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

"சொல்றேன். உடம்புல வளர்ச்சிக் காரணின்னு சில புரதம் இருக்கு. செல்லுகிட்ட போய், வளரு, ரெண்டாப் பிரின்னு தகவல் சொல்றது அதுதான். அதை வாங்கிக்கிறதுக்குன்னே செல்லோட மேற்பரப்புல வேற ஒரு புரதம் நீட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குப் பேரு ஏற்பி. இது போய் அதுல உக்காந்தாத்தான் தகவல் உள்ள போகும். நான் சொல்ற மருந்து அந்த ஏற்பியைப் போய் அடைச்சுக்கும்."

"என் கட்டியில அந்த ஏற்பி இருக்கா?"

"ஏகத்துக்கு இருக்கு. சாயம் போட்டுப் பார்த்தோம், ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் பழுப்பாக் கோடு இழுத்த மாதிரி வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"இருக்கிறது வேற, அதை நம்பிப் பிழைக்கிறது வேற. சில கட்டியில ஏற்பி நிறைய இருக்கும், ஆனா கட்டி அதைச் சட்டை பண்ணாம வேற வழியில வளர்ந்துக்கிட்டிருக்கும். அப்படி இருந்தா இந்த மருந்தால தோல் வெடிக்கும், வயித்தால போகும், பிரயோஜனம் மட்டும் இருக்காது. இப்ப நீங்க இருக்கிற நிலைமையில வெறும் அவஸ்தையைக் குடுக்க எனக்கு மனசு வரல. உங்க செல்லைத் தட்டுல வளர்த்துப் பார்ப்போம். மருந்துக்கு அடங்குச்சுன்னா தைரியமா ஆரம்பிக்கலாம்."

"அடங்கலேன்னா?"

"வலி இல்லாமப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். அவர் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

அண்ணி தலையைத் திருப்பி, சுவரோரம் நின்றிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். "அப்ப என் தலையெழுத்து சோப்பு கையில இருக்கா? போச்சு, தேய்ச்சே எடுத்துடுவா" என்றாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். சோப்புக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நீர் நிறைந்த பாட்டிலை அவளே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். லிஃப்ட்டில் ஏறவில்லை, யாராவது இடித்துவிட்டால்? சுழற்றும் யந்திரத்தில் வைத்துச் சுற்றியதும், மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து நின்றது, கட்டியிலிருந்து உதிர்ந்து அந்த நீரில் மிதந்த செல்கள் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன. மேல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், செல்களை உப்புநீரில் ஒரு முறை அலச வேண்டும், தட்டில் போட வேண்டும். ஊட்டநீர் நிறம் மங்கினால் மாற்ற வேண்டும். அங்கே எல்லோரும் செய்வது இதுதான்.

சோப்பு ஒரு முறையா அலசுவாள்? மற்றவர்களுடைய செல் என்றால் மனசை அடக்கிக்கொண்டு ஒரு முறையோடு நிறுத்தியிருப்பாள். இது அண்ணியுடையது. ரத்தத் துணுக்கு ஒன்று, கழிவு ஒன்று, பூஞ்சை ஒன்று கூட இதில் தங்கிவிடக் கூடாது. அலசினாள், மறுபடி அலசினாள், இன்னொரு தரமும் அலசினாள். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பழைய ஊட்டநீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினாள். சாயங்காலம் போகும்போது நிறம் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு தடவை மாற்றினாள்.

பக்கத்து மேசையில் நாளைக்காரன் என்று ஒருவன் இருந்தான். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பண்ணிடறேன்" என்பான், அதனால் அந்தப் பெயர். கெட்டவன் இல்லை, அவசரம் என்ற ஒன்றை அவனுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. அவன் வேறு நோயாளிகளின் செல்களை அலசியும் அலசாமலும் தட்டில் போடுவான். ஊட்டநீர் மஞ்சளாகி, பார்க்கவே சங்கடமான பிறகுதான் மாற்றுவான். அவன் தட்டுகளெல்லாம் ஜம்மென்று வளர்ந்தன. அண்ணியின் தட்டு மட்டும் நாளுக்கு நாள் சோர்ந்தது. முதலில் உருண்டைகளாகக் கூடியிருந்த செல்கள் பிரிந்தன, சுருங்கின, பிறகு மணல் போலக் கருத்து மிதந்தன.

சோப்பு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. பெட்டியின் சூட்டைச் சரிபார்த்தாள். தட்டுகளின் கம்பெனியை மாற்றினாள். சுத்தம் போதவில்லையோ என்று இன்னும் ஒரு முறை சேர்த்து அலசினாள். கடைசியில், வளரவில்லை, சோதிக்க இயலவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"அடுத்த தடவை வடிக்கும்போது இன்னொரு தரம் முயற்சி பண்ணு. அதுவும் வரலேன்னா விட்டுடலாம். அவங்களை இழுத்தடிக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

வீட்டில் அண்ணி இதைக் கேட்டுவிட்டு யோசித்தாள். "வெளிய வந்தா தானாச் செத்துப்போகுதா? நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் வெளிய எடுத்துடு."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது அண்ணி."

"உள்ள அந்த ஆட்டம் ஆடுது, உன்கிட்ட வந்தா ஏன் பொட்டிப்பாம்பா அடங்குது? அப்படி என்ன உபசாரம் பண்றே அதுக்கு?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டாள். சோப்புக்குச் சுருக்கென்றது. நன்றாகத்தானே கவனிக்கிறோம், இதைவிட எப்படிக் கவனிப்பது என்று தோன்றியது. பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவது பாட்டில் வந்தது. அதே பக்தி, அதே அலசல். தட்டுகள் மறுபடியும் சோர ஆரம்பித்தன. அந்தச் சமயம் பார்த்து அண்ணிக்குக் குளிர்சுரம் கண்டது. கீழே வார்டில் சேர்த்தார்கள். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தான். ஆகவே கூட இருந்து பார்த்துக்கொள்வது சோப்பின் தலையில் விழுந்தது. மேலே போக நேரமில்லை. நாளைக்காரனுக்குப் போன் செய்தாள்.

"என் தட்டுக்கு மட்டும் தினம் காலையிலும் சாயங்காலமும் ஊட்டநீர் மாத்திடு. மறந்துடாதே, இது எங்க அண்ணியோடது."

"கவலைப்படாதே, பாத்துக்கறேன்" என்றான்.

சுரம் இறங்கி, அண்ணி எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியின் குடும்ப விவகாரத்தை விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் சோப்பு மேலே போனாள். பெட்டியைத் திறந்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய தட்டுகள் மஞ்சளாக இருந்தன. அவன் ஒரு தடவைகூட மாற்றவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"தொட்டுக்கூடப் பாக்கல இல்ல?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நாளைக்கு, நாளைக்குன்னு..." என்று இழுத்தான்.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். தட்டைத் தூக்கிக் குப்பையில் போடும் முன், எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று காட்டித் திட்டலாம் என்று நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை.

செல்கள் உயிரோடு இருந்தன. உயிரோடு என்றால் ஏதோ ஒட்டிக்கொண்டு இருந்தன என்பதில்லை. கூட்டம் கூட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு பரவியிருந்தன. சில செல்கள் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போல நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. இத்தனை வாரமாகக் கெஞ்சியும் வராதது அழுக்குத் தண்ணீரில் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன, எல்லாம் போச்சா?" என்று நாளைக்காரன் பயந்து பயந்து கேட்டான்.

"வாயை மூடு" என்றாள் சோப்பு. அது திட்டு இல்லை, அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்ற கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அது நல்ல குடைச்சல். அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவள் மனசில் பயம் தவிர வேறு எதற்கும் இடமிருக்கவில்லை. இப்போது முதல் முறையாக, இந்தச் சனியன் பிடித்த செல்கள் என்னதான் செய்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஊட்டநீரில் எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் விலங்கு ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தைச் சேர்ப்பதில்லை. அதிலேயே ஆயிரம் வளர்ச்சிப் புரதம் கிடப்பதால் மருந்துச் சோதனையைக் குழப்பிவிடும். ஆகவே வெறும் சர்க்கரை, உப்பு, சத்துகள். வளரச் சொல்லி யாரும் தகவல் அனுப்பவில்லை. பிறகு யார் சொல்லி வளர்ந்தன?

தானே சொல்லிக்கொண்டால்?

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஏற்பி ஏகத்துக்கு இருக்கிறது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாங்கிக்கொள்கிற ஏற்பியும் அதனிடமே இருந்து, கொடுக்கிற புரதத்தையும் அதுவே செய்தால்? செய்து தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரில் விட்டுவைக்கும். தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சேர்ந்தால் தன் ஏற்பியிலேயே வந்து உட்காரும். ஆனால் ஒருத்தி காலையிலும் மாலையிலும் வந்து அந்தத் தண்ணீரை மொத்தமாக உறிஞ்சிக் கொட்டிக்கொண்டிருந்தால் என்னவாகும்? பாவம், அது பேசுவது அதற்கே கேட்டிருக்காது.

ஆக, செல்களைக் கொன்றது இடமும் இல்லை, பெட்டியும் இல்லை. பாசம். மற்றவர்கள் செல்லைப் போல இதையும் அசட்டையாக வைத்திருந்தால் முதல் பாட்டிலிலேயே வளர்ந்திருக்கும். சோப்புக்கு அழுகையும் வந்தது, உடனே அடுத்த தட்டை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற துடிப்பும் வந்தது. துடிப்புதான் ஜெயித்தது.

அலசி அலசிச் சாகும் தறுவாயில் இருந்த தட்டு ஒன்று மூலையில் மிச்சம் இருந்தது. வளர்ந்த தட்டிலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்து, செல் எதுவும் கூட வராதபடி வடிகட்டி, அதில் ஊற்றினாள். இன்னொரு நோஞ்சான் தட்டுக்குப் புது ஊட்டநீர் ஊற்றினாள். பழைய தண்ணீர் குடித்தது தெளிந்து பிழைத்தது. புதுத் தண்ணீர் குடித்தது போய்ச் சேர்ந்தது. அந்தப் பழைய தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியதில் வளர்ச்சிக் காரணி தாராளமாக இருந்தது. புது ஊட்டநீரில் பொட்டுக்கூட இல்லை. கடைசியாக, நன்றாக வளர்ந்த தட்டுகளைப் பிரித்துவைத்து, பழைய தண்ணீரை அப்படியே விட்டுவைத்து, பாதித் தட்டுகளில் டாக்டர் சொன்ன மருந்தை விட்டாள். ஏற்பியை அடைக்கிற மருந்து. அந்த முறை ஒரு சொட்டைக்கூட மாற்றவில்லை. மாற்றாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நிற்பாள். நாளைக்காரன் பார்த்துவிட்டு, "வேணும்னா எனக்குக் காபி கிளாஸ் கழுவிக் குடு" என்பான்.

மருந்து விட்ட தட்டுகளில் உருண்டைகள் வளர்வதை நிறுத்தின. பிறகு ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்தன. தண்ணீரில் புரதம் நிறையவே இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை.

சோப்பு படங்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். முன்பு சொன்னது தப்பு, செல்களின் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று ஆரம்பித்தாள். டாக்டர் அந்தப் பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அப்ப இது ஏற்பியை வச்சுக்கிட்டு சும்மா இல்ல. அதை நம்பித்தான் இருக்கு."

"ஆமா டாக்டர். முழுக்கச் சாகல. கொஞ்சம் மிச்சம் நிக்குது."

"நிக்கட்டும். வேற ஏதாவது வழியும் வச்சிருக்கும், அதை அப்புறம் பாப்போம்" என்றார் டாக்டர். அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு அந்த மருந்தின் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று சொன்னார்.

வீட்டில் அண்ணி சும்மா மாத்திரையை வாங்கி விழுங்குகிறவளா? சோப்பை எதிரே உட்காரவைத்து ஆதியோடந்தமாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஆபீஸுக்கு ஒருத்தர் வருவார். நல்ல உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவர்தான். ஒரு குடையைக் கொண்டுவந்து, ரயில்ல கிடந்துச்சும்மான்னு குடுப்பார். மறுநாள் அவரே வந்து, என் குடை தொலைஞ்சுபோச்சும்மான்னு நிப்பார். அதே குடை. கைப்பிடி நிறம், கிழிசல் எல்லாம் கரெக்டாச் சொல்வார். சந்தோஷமா வாங்கிட்டுப் போவார். அடுத்த வாரம் மறுபடி கொண்டுவந்து குடுப்பார்."

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். யாராவது நம்மகிட்ட வந்து நாலு கேள்வி கேட்டா நல்லா இருக்கும்மான்னார்." அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். "ஒரு தடவை நான் லீவு. புதுசா வந்த பொண்ணு அந்தக் குடையைப் பெரிய குடோனுக்கு அனுப்பிட்டா. மறுநாள் மனுஷன் வந்து பாத்துட்டு அப்படியே ஓய்ஞ்சுபோய் உக்காந்துட்டாராம். நீ என் தட்டுல பண்ணினது அதுதான்."

"அதேதான் அண்ணி" என்றாள் சோப்பு. அவள் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் குறிப்பில் கூட இவ்வளவு தெளிவாக வரவில்லை.

அண்ணி கையிலிருந்த மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி, ஒண்ணு கேக்கறேன். தண்ணியைக் கொட்டினா அது சாகுது. அப்ப இந்த மாத்திரை எதுக்கு? எனக்கு உள்ளயும் தினம் அப்படிக் கொட்டிடலாமே."

"உள்ள கொட்டக் கொட்ட ஊறும் அண்ணி. மடிப்பு மடிப்பா இருக்கும், எல்லா இடத்துலயும் அலச முடியாது. தண்ணியை நிறுத்த முடியாது, வாங்கிக்கிற இடத்தை அடைக்கத்தான் முடியும்."

"அலச முடியாதுன்னு நீயா சொல்றே? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, மாட்டி வைக்கிறேன்" என்றாள் அண்ணி. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அதற்கு அடுத்த வாரம், பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து மேல்மாடிக்கு வந்தாள். சோப்பு இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தாள். ஒன்று மருந்து விடாதது, ஒன்று விட்டது. அண்ணி நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் நாளைக்காரன் மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். சோப்பு அதை எதிர்பார்க்கவில்லை. "திராட்சைக் கொத்து மாதிரி. இதுவா என்னை இந்தப் பாடு படுத்துது?" பிறகு அடுத்த தட்டைப் பார்த்தாள். உதிர்ந்து கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுமே என் உடம்புல இருந்து வந்ததுதானே? இதுல நான் எது?" என்று கேட்டாள்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. சோப்பு படித்ததெல்லாம் ஒரு பக்கம் வந்து நின்றது, ஒன்றும் உதவவில்லை.

"இதைக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கிறதுதான் நீங்க" என்றாள் கடைசியில்.

அண்ணி நிமிர்ந்தாள். "பேசக் கத்துக்கிட்டே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு நுண்ணோக்கி விளக்கின் வெளிச்சத்தைக் குறை சொன்னாள்.

மாத்திரையால் முகமெல்லாம் பரு பருவாகக் கிளம்பியது. "பதினாறு வயசுல வராதது இப்ப வருது" என்றாள். விரல் நுனிகள் வெடித்தன. வயிறு சில நாள் படுத்தியது. வயிறு ஏறுகிறதா இல்லையா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவள் எழுந்து நடக்கும்போதெல்லாம் மூன்று பேர் கண்ணும் அங்கேதான் போகும், அவள் கண்ணும் சேர்த்து.

நீர் வடிக்க வேண்டிய நாள் வந்தது. மேலே ஏற்பாடெல்லாம் தயாராக இருந்தது. தட்டில் சாகாமல் நின்ற அந்த மிச்சச் செல்கள் எதை நம்பிப் பிழைக்கின்றன, வேறு எந்த வளர்ச்சிக் காரணி, வேறு எந்த ஏற்பி என்று பார்க்க டாக்டரும் சோப்பும் பெரிய திட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் புதிதாக நீர் வேண்டும். இந்த முறை மேல் தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் எடுத்துவைக்க வேண்டும். சோப்பு பெரிய பாட்டிலோடு வந்து நின்றாள்.

டாக்டர் அண்ணியின் வயிற்றில் களிம்பைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். வலது பக்கம் நகர்த்தினார், இடது பக்கம் நகர்த்தினார். கீழே அழுத்திப் பார்த்தார். திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"ஒரு பக்கமாத் திரும்பிப் படுங்க."

அண்ணி திரும்பிப் படுத்தாள். டாக்டர் மறுபடி பார்த்தார். பிறகு கருவியை எடுத்துவிட்டார்.

"ஊசி போடுற அளவுக்கு இல்ல" என்றார்.

"எது இல்ல?" என்றாள் அண்ணி.

"தண்ணி. ஓரமா மெல்லிசா ஒரு கோடு தெரியுது. இதுல ஊசியை விட்டா குடல்லதான் குத்தும். வீட்டுக்குப் போங்க. மாத்திரையை விடாதீங்க. முடிஞ்சுபோச்சுன்னு நான் சொல்லல, எத்தனை நாள் கட்டுப்படும்னும் எனக்குத் தெரியாது. இன்னிக்கு எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்."

அண்ணன் ஜன்னல் பக்கமே நின்றான், அவன் தோள் மட்டும் குலுங்கியது. அண்ணி களிம்பைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத் தேடிப் பாருங்க டாக்டர். பாவம், இவ ஆசையா வந்து நிக்கிறா" என்றாள்.

சோப்பு மாடிப்படி ஏறி வந்தாள். நாளைக்காரன், வாழ்நாளில் முதல் முறையாக, எல்லாவற்றையும் நேரத்தோடு எடுத்து அடுக்கி, தட்டுகளின் மூடியையெல்லாம் திறந்துவைத்துக் காத்திருந்தான். அவள் கையைப் பார்த்தான்.

"பாட்டில் ஏன் காலியா இருக்கு? கொட்டிட்டியா?"

"இல்ல. வரல."

"அப்ப எப்ப கிடைக்கும்? நாலு பேர் வேலை நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள் சோப்பு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள். "கிடைக்கவே வேண்டாம்."

அவன் தட்டுகளின் மூடியை ஒவ்வொன்றாக எடுத்து மூடிவைத்தான்.